சிலிண்டரைவிட ஒரு கிராம் கூடினாலும்

முத்துப்பேச்சி இதுவரை தூக்கி இறக்கிய எடையையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டியிருந்தால், செண்பகத்தோப்பு மலைக்குப் பக்கத்தில் ஒரு தங்கச்சி மலை முளைத்திருக்கும். இருபத்தொன்பது வருஷம் சத்துணவு மையத்தில் சமையல். நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற அண்டா. அதை அடுப்பிலிருந்து இறக்க ஓர் உதவியாளர் உண்டுதான். ஆனால் பள்ளிக்கூடம் நடப்பது வருஷத்துக்கு இருநூறு நாள், அந்தம்மாவுக்கு இடுப்புவலி வருஷத்துக்கு முந்நூறு நாள். கடைசி நாள் மாலை போட்டு அனுப்பியபோது அந்த மாலையே முத்துப்பேச்சிக்குக் கனத்தது. வலது தோள் இறங்கிப்போய், சட்டை மாட்டும் கம்பி ஒரு பக்கம் வளைந்த மாதிரி இருந்தாள். வீட்டுக்கு வந்து அவள் கேட்ட வரம் ஒன்றே ஒன்று. இனிமேல் எதையும் தூக்கக் கூடாது.

அந்த வரத்துக்கு எதிரியாக வீட்டுக்குள்ளேயே ஒருவர் இருந்தார். பால்ச்சாமி. தாலி கட்டியவர்.

ராஜபாளையத்தைத் தாண்டி சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் துணி மில்லில் முப்பத்தெட்டு வருஷம் செக்கிங் பார்த்தவர். காயத்துக்குக் கட்டுகிற துணி எதைக் கொடுத்தாலும் இரண்டு விரலுக்கிடையில் உரசிப் பார்த்து, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார். மகள் மாரிக்கனியைப் பெண் பார்க்க வந்த அன்று, பேச்சு நடக்கும்போதே மாப்பிள்ளையின் சட்டைக் கையை உரசிப் பார்த்து, "நூத்திப் பத்து கிராம், பாதி பாலிஸ்டர்" என்று அறிவித்தார். சம்பந்தம் மயிரிழையில் பிழைத்தது. மகள் இப்போது ஓசூரில் இருக்கிறாள். அவளும் அந்தப் பாலிஸ்டரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஓய்வு பெற்றபின் அவர் சும்மா இருந்த நாள்களை எண்ண ஒரு கை விரல் போதும், அதிலும் கட்டைவிரல் மிச்சமிருக்கும். முதலில் வெயிலில் சோறு வேகவைக்கும் பெட்டி. பிறகு மூன்று மாடி முயல் கூண்டு. பிறகு சிமென்டில் மீன் தொட்டி. எது செய்தாலும் கடைசியில் ஒரே வசனம்: "ஏட்டி, ஒரு கை பிடி." அந்த ஒரு கை எப்போதும் முத்துப்பேச்சியின் வலது கை.

இந்தத் தடவை படகு. கயாக் என்று அதற்குப் பெயர். போனில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் பனிமலைக்கு நடுவே ஒற்றை ஆளாகத் துடுப்புப் போட்டுப் போனதைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் சாப்பாட்டைக் கூட மறந்திருந்தார். மூன்றாம் நாள் கொச்சியிலிருந்து நாலு மில்லிமீட்டர் பிளைவுட் வந்து இறங்கியது. பலகைகளைப் படத்தில் இருந்தபடி அறுத்து, ஓரத்தில் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பதுபோலத் தைத்தார். படகு பதினாலு அடி. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டின் முன்ஹால் பன்னிரண்டு அடி. மீதி இரண்டடி மூக்கு அடுப்பங்கரைக்குள் நீட்டிக்கொண்டு, கிரைண்டருக்கும் அரிசி டின்னுக்கும் நடுவே எட்டிப் பார்த்தது. ஐந்து மாதமாக அந்த மூக்கைச் சுற்றி அவள் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் ராமேஸ்வரம் போய்க் குளித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் கண்மாய். கல்யாணமாகி வந்த முப்பத்தாறு வருஷமாகக் கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறார்கள். இந்த ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதில் கண்மாய் கரை தளும்பக் கிடந்தது. பங்குனிக்குள் வற்றிவிடும். அதற்கப்புறம் அங்கே கிரிக்கெட்தான்.

தினம் காலையில் படகை எடுத்துக்கொண்டு போவதாக அவர் திட்டம் சொன்ன அன்றுதான் முத்துப்பேச்சி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதத் தண்ணிக்குக் கொண்டு போவ ரெண்டு ஆளு வேணும். ஒண்ணு நீங்க. இன்னொண்ணு யாரு?"

"ஏட்டி, இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"அப்பம் கேட்டுக்கோங்க. நெறஞ்ச சிலிண்டர் எம்புட்டு கனமோ, அம்புட்டு வரைக்கும் ஒரு கை கொடுப்பேன். அதுக்கு மேல ஒரு கிராம் கூடுனாலும் படகு வாசப்படி தாண்டாது. ரெண்டா அறுத்துக் கோழிக்கூடு பண்ணிரணும். தெனமும் கூலிக்கு ஆள் பிடிச்சு ஊரக் கூட்டுனீங்க, நான் ஓசூருக்கு பஸ் ஏறிருவேன்."

பால்ச்சாமி சிரித்தார். சிலிண்டர் இரும்பு பதினைந்து சொச்சம், கேஸ் பதினாலு கிலோ இருநூறு, ஆக இருபத்தொன்பதரை. "ஏட்டி, என் படகு காத்துல பறக்கும். கயிறு கட்டிப் பிடிச்சுக்கணும் நீ" என்றார். உட்காரும் பலகை, பிடி வளையம் எல்லாம் சேர்த்து மரக்கூடு சரியாக இருபது கிலோ நின்றது. இன்னும் ஒன்பதரை கிலோ இடமிருந்தது. பாக்கி வேலையும் ஒன்றுதான். துணி.

வெறும் பலகை தண்ணீரில் ஊறிப் பிரிந்துவிடும். அதனால் உள்ளும் புறமும் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, அதன்மேல் ரெசின் என்கிற பசையை ஊற்றி ஊறவைத்து இறுகவிட வேண்டும். எந்த எடைத் துணி என்பதில்தான் படகின் தலையெழுத்து இருக்கிறதாம். துணி என்ற சொல் காதில் விழுந்ததும் பால்ச்சாமிக்கு இருபது வயது குறைந்துவிட்டது. முத்துப்பேச்சிக்கு அந்த இருபதும் கூடிவிட்டது.

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எட்வினின் பட்டறை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். கடலோரத்தில் ஃபைபர் வள்ளம் கட்டியவன், இங்கே வந்து பாத்ரூம் கதவும் ஒழுகுகிற தண்ணீர் டேங்கும் பார்த்துக்கொண்டிருந்தான். கதவு செய்து கதவு செய்து முகமே கதவாகிப் போயிருந்த அந்த மனுஷன், படகு என்று கேட்டதும் திறந்துகொண்டான். மூன்று துண்டுத் துணியை எடுத்து மேசையில் போட்டான். நூற்று முப்பது கிராம், இருநூறு கிராம், நானூறு கிராம்.

"கடல்னா நானூறுக்குக் கீழ நான் பேசவே மாட்டேன், அண்ணாச்சி. கம்மாய்க்கு இருநூறு தாராளம். ஆனா உள்ள கருவேலங்கட்ட கெடக்கும்லா? அடியில குத்துனா கிழிச்சிரும். நீங்களே யோசிச்சுக்கோங்க."

"நூத்தி முப்பது?"

"அது ஒங்க மில்லுல கட்டுப்போடத்தான் ஆவும்."

"ஏலே, கட்டுத்துணியப் பத்தி எங்கிட்டயே பேசுதியா?" என்று பால்ச்சாமி எகிறினார். எட்வின் சிரித்துக்கொண்டே மூன்றையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். கூட வந்திருந்த முத்துப்பேச்சி வாசலில் தள்ளுவண்டிக்காரனிடம் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா என்று மட்டும் யோசித்தாள். கிடைக்கவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டரும் அந்தப் பொட்டலம் அவள் பையில்தான் வந்தது.

வீட்டில் சோதனை தொடங்கியது. பொக்ரானில்கூட இத்தனை ஏற்பாடு நடந்திருக்காது. மில்லிலிருந்து கொண்டுவந்த லென்ஸை வைத்து நூலை எண்ணினார். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் வெட்டி, கிராம் தராசில் நிறுத்தார். நாலு கிராம், இரண்டு கிராம், ஒன்றேகால். பிறகு பேண்டேஜுக்குச் செய்கிற அந்தப் பரீட்சை. துணியைச் சுருட்டித் தண்ணீரில் மெல்லப் போட வேண்டும். பத்து எண்ணுவதற்குள் நனைந்து மூழ்கினால் நல்ல துணி. மிதந்தால் அந்தத் தறிக்காரன் அன்றைக்குப் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. முப்பத்தெட்டு வருஷமாக பால்ச்சாமிக்கு உலகத்தில் இரண்டே ஜாதி. குடிக்கிற துணி, குடிக்காத துணி.

தண்ணீருக்குப் பதில் ரெசின். நூற்று முப்பதை ஒதுக்கிவிட்டு, அதே பத்துக்குப் பத்து அளவில் மூன்று பலகைத் துண்டு, ஒன்று வெறுமனே, மற்ற இரண்டின் மேல் இருநூறும் நானூறும், மேலே கரண்டியால் ரெசின். இருநூறு கிராம் மெதுவாக நனைந்து கண்ணாடி மாதிரி ஆகி, அவ்வளவுதான் என்று நின்றுகொண்டது. நானூறு கிராமோ, ஒரு கரண்டியை உறிஞ்சிவிட்டு இன்னொன்றைக் கேட்டது. அதையும் முடித்தது.

"குடிக்குது பாரு! ஏட்டி, வந்து பாரு! மூணு நாள் பட்டினி கெடந்தவன் மாதிரி குடிக்குது! இதுதான் துணி. இருநூறப் பாரு, மாப்பிள வீட்டு விருந்தாளி மாதிரி, ரெண்டு வாயிலேயே போதும்னுருச்சு."

"கனம்?"

"போட்டாச்சு கணக்கு. உள்ளயும் வெளியவும் சேத்துப் பத்துச் சதுர மீட்டர். நானூறு கிராம் வீதம் நாலு கிலோ. இருபதும் நாலும் இருபத்துநாலு. ஒன் சிலிண்டருக்கு இன்னும் அஞ்சரை கிலோ கொறச்சல். போயி காப்பி போடு."

அன்றைக்கே எட்வினுக்குப் போன் போனது. நானூறு கிராம் துணியும் ஒரு கேன் ரெசினும் மறுநாளே வந்து இறங்கின. ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தாயிற்று.

இரண்டு நாள் கழித்து, அடுப்பு மேடையில் காய்ந்து கிடந்த அந்தப் பலகைத் துண்டுகளை முத்துப்பேச்சி ஒதுக்கினாள். நானூறு கிராம் துண்டைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். இருபத்தொன்பது வருஷம் அரிசியும் பருப்பும் அளந்த கை. தராசு பொய் சொன்னாலும் அந்தக் கை சொல்லாது. என்னவோ அதிகமாக இருந்தது.

அவர் குளிக்கப் போயிருந்தார். அவருடைய தராசையே எடுத்து வைத்தாள். வெறும் பலகை இருபத்துநாலு கிராம். இருநூறு போட்டது இருபத்தொன்பது. நானூறு போட்டது முப்பத்துநாலு.

நாலு கிராம் துணி எப்படிப் பத்துக் கிராம் ஆனது? குடித்ததும் சேர்ந்துதானே நிற்கும். எண்ணெய் குடித்த பூரி கையில் தொங்குவது மாதிரி. இது தெரியாத மனுஷனும் இல்லை அவர். ஆனால் பேண்டேஜ் துணியை எப்போதும் காய்ந்தபடிதான் நிறுப்பார்கள். அது குடிப்பதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு. அந்தக் கனம் மில்லின் வாசலுக்கே வராது. குடித்த துணியை முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் ஒருநாளும் தராசில் வைத்ததில்லை.

ஒரு பிள்ளைக்கு நூறு கிராம், நூற்று நாற்பது பிள்ளைக்குப் பதினாலு கிலோ என்று தூக்கத்திலும் பெருக்குகிறவளுக்கு இது எம்மாத்திரம்? பத்துச் சதுர மீட்டரில் இந்தத் துண்டு மாதிரி ஆயிரம். தலைக்குப் பத்துக் கிராம் என்றால் பத்துக் கிலோ. இருபதும் பத்தும் முப்பது. சிலிண்டரைவிட அரைக் கிலோ அதிகம். மேல்பூச்சு இன்னும் பாக்கி.

முத்துப்பேச்சி தராசைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தாள். பலகைத் துண்டுகளை அரிசி டின் மேல் அடுக்கினாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்ல வேண்டும்? தானாகத் தேடி வந்த வரம். ஞாயிற்றுக்கிழமை வரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அதற்கப்புறம் படகு வாசல் தாண்டாது, கண்மாய்க்கரைப் பேச்சு கிடையாது, தோளுக்கு எந்த வேலையும் கிடையாது. அந்த மூன்று நாளும் அவள் பேசாமலே இருந்தாள். வழக்கமாக அவளுக்கு அலுப்பு தோளில்தான் இருக்கும். இந்த மூன்று நாளும் அது தாடையில் வந்து உட்கார்ந்துகொண்டது. சாப்பாடு வைக்கும்போது அவர், "என்ன ஏட்டி, பல் வலியா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றாள். அந்த ஒரு சொல்லே அண்டா கனம் கனத்தது.

ஞாயிறு விடிந்தபோது கோயில் ஸ்பீக்கரில் மார்கழிப் பாட்டு ஓய்ந்திருந்தது. எட்வின் எட்டு மணிக்கெல்லாம் ஸ்கூட்டரில் வந்து, கையுறையை மாட்டிக்கொண்டு, ரெசின் கேனைத் திறக்காமல் காத்திருந்தான். பால்ச்சாமி கவிழ்த்து வைத்த படகின்மேல் துணியை விரித்துக்கொண்டிருந்தார்.

அதை முத்துப்பேச்சி அடுப்பங்கரை நிலையில் சாய்ந்தபடி பார்த்தாள். மனுஷன் ஒரு ஆணி அடித்தால் சுவரில் பாதி விழும். ஆனால் துணி விரிக்கிற கை வேறு கை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, உள்ளங்கையை வைத்து மெல்ல நீவினார். ஒரு சுருக்கம், ஒரு மடிப்பு இல்லை. அந்த வெள்ளை, படகோடு படகாகப் படுத்துக்கொண்டது.

"எட்வினு, ஒண்ணு சொல்லட்டா?" என்றார் தலையைத் தூக்காமல். "நான் பாத்து அனுப்புன துணிய நீட்டி விரிச்சா சந்திரனுக்குப் போயி நாலு சுத்து சுத்திட்டு வரும். அம்புட்டும் ஒருநாள் கட்டி மறுநா குப்பைக்குத்தான் போச்சு. ரத்தமும் சீழுமா. ஒரு முழம்கூட நின்னதில்ல. நிக்கப் போற துணி இது ஒண்ணுதான்."

"நிக்கும், அண்ணாச்சி. நானூறுல்லா. கல்லு மாதிரி நிக்கும்."

எட்வின் கேனைத் திறந்தான். அந்த நாற்றம் அடுப்பங்கரை வரை வந்தது.

முத்துப்பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் பல்லைக் கடித்தால் போதும். படகு கல்லாக நிற்கும். ஹாலிலேயே நிற்கும். அப்புறம் ஒருநாள் அவரே ரம்பத்தை எடுத்து, இந்த நீவின துணியோடு சேர்த்து... சொன்ன சொல்லுக்காக அறுக்கவும் செய்வார். அதுதான் அவரிடம் உள்ள வம்பு.

"ஏங்க."

"இரு ஏட்டி, கலக்கப் போறோம்."

"படகுக்கு என்ன காயமா பட்டிருக்கு?"

பால்ச்சாமி நிமிர்ந்தார். "என்னது?"

"இல்ல, குடிக்கிற துணியாத் தேடித் தேடிப் போட்டிருக்கியளேன்னு கேட்டேன். எதக் குடிக்கணும் இது? ரத்தமா?"

அரிசி டின் மேலிருந்த பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்து அவர் கையில் ஒவ்வொன்றாக வைத்தாள். முதலில் வெறும் பலகை. பிறகு இருநூறு. பிறகு நானூறு. தராசைத் தேடவில்லை. நானூறு வந்து உட்கார்ந்ததுமே அவர் கை லேசாக இறங்கியது. முகமும் கூடவே இறங்கியது.

"இது குடிச்சதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போவாது. நம்ம தோளுக்குத்தான் வரும்" என்றாள். "ஆயிரம் துண்டு. தலைக்குப் பத்துக் கிராம். நீங்களே பெருக்குங்க."

அவர் பெருக்கினார். உதடு அசைந்தது. பத்துக் கிலோ என்று வாய்விட்டுச் சொல்வதற்குள் அவருக்கு வயது அறுபத்து மூன்றிலிருந்து தொண்ணூறாகிவிட்டது. எட்வின் கேனை மெதுவாக மூடினான்.

"எப்பம் பாத்த?"

"வியாழக்கிழம."

"வியாழக்கிழமையேவா! சொல்லலையே ஏட்டி!"

"ஓய்வா இருக்கலாம்னு பாத்தேன்."

பால்ச்சாமி விரித்த துணியை ஓரத்திலிருந்து மெல்லச் சுருட்டத் தொடங்கினார். எட்வின் கையுறையைக் கழற்றினான். "இருநூறு கடையில கெடக்கு, அண்ணாச்சி. முக்கா மணி நேரத்துல போயிட்டு வாரேன். இந்த நானூறுல ஒரு சாண் அகலம் மட்டும் வெட்டி, அடிவயித்துல நீளமா ஒட்டிருவோம். கருவேலங்கட்டைக்கு அது போதும்." பிறகு முத்துப்பேச்சியைப் பார்த்து, "அக்கா, எங்க பட்டறைக்கு ஒரு ஆளு வேணும்" என்றான்.

"தூக்குற வேலைன்னா வரமாட்டேன்."

இருநூறு வந்தது. நனைந்தது. அவ்வளவுதான் என்று நின்றுகொண்டது. பொங்கல் கழிந்த வாரத்தில் மேல்பூச்சும் காய்ந்து, பலகையின் ரேகையெல்லாம் கண்ணாடிக்குள்ளே தெரிய, படகு பனங்கற்கண்டு நிறத்தில் மின்னியது. சிலிண்டர் போடுகிற பையன் வந்த அன்று, அவனுடைய தொங்கு தராசை வாங்கி, பால்ச்சாமி முன்பக்கம் ஒருதரம், பின்பக்கம் ஒருதரம் தூக்கி நிறுத்தார். இரண்டையும் கூட்டினால் இருபத்தாறு கிலோ நானூறு.

"மூணு கிலோ நூறு கொறச்சல்" என்றார். குரலில் வழக்கமான ஊதல் இல்லை. அவளைப் பார்க்காமல் தராசைப் பையனிடம் கொடுத்தார். "முடியலன்னா விடு, ஏட்டி. நான் எட்வினக் கூப்பிடுதேன்."

முத்துப்பேச்சி சேலையை இடுப்பில் செருகினாள். "சொன்னது சொன்னதுதான். பின்பக்கத்தப் பிடிங்க. மூக்கு எனக்குப் பழகுன மூக்கு."

வீட்டிலிருந்து கண்மாய்க்கு அறுநூறு தப்படி. அந்த அறுநூறு தப்படியில் பதினோரு இடத்தில் இறக்கி வைத்தார்கள். முதல் இடம் சொந்த வாசல். நாலாவது இடத்தில் ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்து, இவர்களுக்காகப் பரிதாபப்பட்டுப் போனது. ஏழாவது இடத்தில் அவள் இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஒன்பதாவது இடத்தில் அவர், "நானூறு போட்டிருந்தா இங்கனயே சமாதி கட்டியிருக்கலாம்" என்றார். அவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. கரையேறி இறங்கியபோது காலை வெயில் சுள்ளென்று ஏறிவிட்டிருந்தது. அவள் மூக்கைத் தண்ணீரில் விட்டாள். கையிலிருந்த கனம் சட்டென்று இல்லாமல் போனது. எங்கே போனதென்று கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

பால்ச்சாமி முழங்கால் தண்ணீரில் இறங்கி, துடுப்பை எடுத்து, வேட்டியை மடித்துக் கட்டினார்.

"செத்த பிடிச்சுக்கோங்க" என்றாள் முத்துப்பேச்சி.

அவர் பிடித்தார். அவள் ஒரு காலை வைத்தாள், இன்னொரு காலை வைத்தாள், உட்கார்ந்தாள். படகு ஒரு தரம் ஆடிவிட்டு அவளை ஏற்றுக்கொண்டது. அவர் பிடி வளையத்தில் கட்டியிருந்த கயிற்றின் நீளத்துக்கு அவளை மெல்லத் தள்ளிவிட்டார். முப்பத்தாறு வருஷமாகக் கரையிலிருந்து பார்த்த கருவேல மரங்கள் இந்தப் பக்கம் திரும்பி நின்றன. ஒவ்வொன்றிலும் கொக்கு. மலை தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடந்தது. முத்துப்பேச்சி பின்னால் சாய்ந்து, இரண்டு கையையும் மடியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

கரையோரத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி அவர் நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். காலில் மீன் கடித்தது.

"ஏட்டி, நான் ஒரு தடவ போயிட்டு வந்துருதேனே."

"இன்னும் செத்த நேரம்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.